மச்சினன் கையில் கடிகாரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடம் என்று ஒரு அறை உண்டு. அதில் தலைமையாசிரியரின் சைக்கிள் நிற்கும். பக்கத்தில் பூட்டிய பீரோ. உள்ளே குடுவைகள், ஒரு தராசு, இரண்டு வெப்பமானிகள். உடைந்துவிடும் என்று யாரையும் தொடவிடுவதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். ஒரு கல்லைக் கொடுத்து இதன் அடர்த்தியைக் கண்டுபிடி என்றால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பல வருடங்களாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் சண்டை போட்டு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனேன். தொட்டுப் பார்த்து, அளந்து பார்த்து, தாங்களே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். "ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்று தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆனது. ஒரு மனிதர் என்னால் சாகப் பார்த்தார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடல் அழகைப் படிக்க விரும்புகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படிக்கட்டும்.

ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசியில் மூன்று வீட்டில்தான் விட்டார்கள். செல்வி, அவளுடைய அத்தை மகள் ராணி, முருகேசன். மூவரும் எட்டாம் வகுப்பு. கடலைக் கண்ணால் பார்க்காதவர்கள். டிரில் மாஸ்டரிடமிருந்து பள்ளியின் ஒரே ஸ்டாப் வாட்சைக் கெஞ்சி வாங்கினேன். மனைவியின் நகையை அடகுக்குக் கொடுக்கிறவர்போல அதைக் கொடுத்தார்.

முதல் நாள் காலை. ரயிலில் வந்த கரித்தூளோடு தூத்துக்குடியில் இறங்கினோம். என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த ஜேம்ஸ் வந்து நின்றார். நாசரேத்துக்காரர், இங்கே ஆசிரியர் வேலை.

"என்னவே, ஒரு வகுப்பையே கூட்டிட்டு வாரேன்னு லெட்டர் போட்டீரு. மூணு பிள்ளையத்தான் காங்கேன்."

"விட்டாத்தானே?"

"கடல்னதும் பயந்திருப்பாவ. சரி, வாரும், முதல்ல காப்பி."

கருப்பட்டிக் காப்பி. பிள்ளைகள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். எனக்குத் தண்ணீரின் உப்புதான் நாக்கில் நின்றது. தெருவெல்லாம் குடங்கள் வரிசையில் இருந்தன. எங்கள் ஊரிலும் குடம் வரிசையில்தான் நிற்கும். ஆனால் கண்ணெதிரே இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற கொடுமை எங்களுக்கு இல்லை.

புதுத் துறைமுகம் திறந்து அதிக நாளாகவில்லை. அங்கே கிரேன்களைத் தூரத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள். பழைய துறைமுகத்தில் கொழும்புத் தோணிகள் பக்கத்தில் போக முடிந்தது. செல்வி மட்டும் எதையும் பார்க்காமல் குனிந்து கடல்நீரை அள்ளி வாயில் விட்டாள். துப்பினாள்.

"சார், புத்தகத்துல உப்பா இருக்கும்னுதான் போட்டிருக்கு. கசக்குதுன்னு போடலையே?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதற்காகத்தானே வந்தேன்! "எழுதிக்கோ" என்றேன். இந்த ஒரு வார்த்தையை அந்த மூன்று நாளில் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. கடைசியாக எப்போது சொன்னேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இரண்டாம் நாள் காலை உப்பளம். பிள்ளைகள் ஊரிலேயே மிதவை செய்திருந்தார்கள். பப்பாளித் தண்டு, இரு முனையிலும் மெழுகு, அடியில் ஈயக்குண்டு, மேலே கோடுகள். பாத்தி பாத்தியாக மிதக்கவிட்டுக் கோட்டைப் படித்தோம். நீர் உப்பேற ஏற மிதவை எழும்பியது. நாலாவது பாத்திதான் முதலில் உப்பு விடும் என்று முருகேசன் அறிவித்தான்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஏளா, இந்தப் பய தண்டைப் போட்டுச் சொல்லுதான். நாம காலை வச்சாலே சொல்லிருவோமே!" ஒருத்தி தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கால் முழுக்க வெடிப்பு. "நாலாவது பாத்தியிலதான் இது சுள்ளுன்னு கடிக்கும், தம்பி."

பிள்ளைகள் குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்க்கவில்லை. எங்கள் மிதவை சரியாகச் சொல்லிவிட்டது என்ற மிதப்பில் இருந்தேன். அதற்குள் மேற்பார்வையாளர் ஒருவர் கம்போடு ஓடிவந்து எங்களை விரட்டினார். அவரோடும் ஒரு மூச்சு சண்டை போட்டேன்.

மத்தியானம் கீழவைப்பார் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் பஸ். அங்கே சங்கு குளிக்கிறவர் ஒருவரிடம் ஜேம்ஸ் சொல்லி வைத்திருந்தார். மனிதன் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும், அடக்கினால் நாடி என்ன ஆகிறது என்று பிள்ளைகள் நேரில் அளக்க வேண்டும். இந்தப் பயணத்தின் முக்கிய வேலையே அதுதான்.

நடுவழியில் டயர் போயிற்று. கருவாட்டுக் கூடைகளோடு எல்லோரும் வெயிலில் இறங்கி நின்றோம். சும்மா நிற்பானேன் என்று முருகேசனிடம் வாட்சைக் கொடுத்தேன். டயர் மாற்ற எவ்வளவு நேரம் என்று அளக்கச் சொன்னேன்.

"என்னலே, நீ பெரிய இன்ஸ்பெக்டரா? டைம் பாக்க!" என்றார் கண்டக்டர். கிளீனர் வாட்சைப் பார்த்தார். அதுவரை நிதானமாக வேலை செய்தவர் திடீரென்று பறக்க ஆரம்பித்தார். பறந்ததில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். கடிகாரம் பார்க்கிறது என்று தெரிந்தால் மனிதன் வேறு ஆளாகிவிடுகிறான். அப்போதே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "இருபத்திரண்டு நிமிடம், எழுதிக்கோ" என்றேன்.

சங்கு குளிக்கிற அந்தோணிக்கு நாற்பது வயது இருக்கும். பீப்பாய் மாதிரி நெஞ்சு. இப்போது சிலர் கண்ணாடி போட்டுக்கொண்டு கயிறில்லாமல் இறங்குகிறார்கள். இவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கும் பழைய ஆள். மனைவி மரியம்மை ராத்திரிக்குச் சோறும் மீன் குழம்பும் சங்குக் கறியும் போட்டார். குழம்பு பிரமாதம். சங்குக் கறி சைக்கிள் டியூப். களி தின்று வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அதையும் மென்று விழுங்கினார்கள்.

"அடியில எவ்வளவு நேரம் இருப்பீங்க?" என்று செல்வி கேட்டாள்.

"நானா? அஞ்சு நிமிசம் இருப்பேன் பிள்ள."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அஞ்சு நிமிஷம் முடியாதுங்க. ஒண்ணு, மிஞ்சிப்போனா ஒண்ணரை" என்றேன்.

"நீங்க கடல்ல இறங்கியிருக்கீயளா, சார்வாள்?"

"இல்ல. படிச்சிருக்கேன்."

அவர் முகம் சுருங்கியது. சமாதானம் செய்கிற நினைப்பில் இன்னொன்றும் சொன்னேன். இறங்குவதற்கு முன்னால் வேகவேகமாகப் பத்திருபது முறை மூச்சை இழுத்து விட்டால் அதிக நேரம் தாங்கும் என்றேன். எங்கோ அரைகுறையாகப் படித்தது. அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

கை கழுவப் போனபோது மரியம்மை என்னைத் தனியாக நிறுத்தினார்.

"சார்வாள், நாளைக்கு அவியளுக்குக் கயிறு பிடிக்கது எந்தம்பி சூசை. கூடப்பொறந்தவன்கிட்ட எங்க ஆளுக கயிறைக் குடுக்க மாட்டாவ. மச்சினன்கிட்டதான் குடுப்பாவ. அக்கா தாலி அறுத்துட்டு நிப்பாளேன்னு அவனுக்குத்தான் பயம் இருக்கும். அவன் கையில கயிறு இருக்கையில பேச்சுக் குடுக்காதீய. ஒரு பீடிகூடக் குடுக்கப்பிடாது."

"சரிம்மா" என்றேன்.

மூன்றாம் நாள் விடியும்போது கரைக்காற்றில் வள்ளம் கிளம்பியது. அந்தோணி, சூசை, பாயும் துடுப்பும் பார்க்க இரண்டு பேர், நாங்கள் நால்வர். பெண் பிள்ளைகள் ஏறுவதற்குத் துடுப்புக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளையவே, மாதா பார்த்துக்கிடுவா" என்று அந்தோணி கைகொடுத்து ஏற்றினார். கரை மறைந்ததும் முருகேசன் முந்தின நாள் சங்குக் கறியைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தான்.

எட்டுப் பாகம், சுமார் ஐம்பதடி ஆழத்தில் நங்கூரம் போட்டார்கள். வேலையைப் பிரித்தேன். முருகேசன் கடிகாரம். அந்தோணி மேலே வந்ததும் ராணி நாடி பார்க்க வேண்டும். செல்விக்குக் கயிறு. வள்ளத்தின் விளிம்பில் கயிறு உரசுகிற இடத்தில் இரண்டு விரலை வைத்து, அது எத்தனை முறை அசைகிறது என்று நோட்டில் கோடு போட வேண்டும். ஆள் கீழே எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறார் என்று தெரியுமல்லவா?

முறை இதுதான். அந்தோணி தனிக் கயிறு கட்டிய ஒரு கல்லில் கால் வைத்து இறங்குவார். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார். அதைத் துடுப்புக்காரர் மேலே இழுத்துக்கொள்வார். அந்தோணியின் இடுப்புக் கயிறு சூசை கையில். இரண்டு முறை சுண்டினால் சூசை இழுக்க வேண்டும். சுண்டாமல் கயிறு சும்மா கிடந்தாலும் இழுக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் சும்மா கிடந்தா?" என்று கேட்டேன்.

"அது என் கைக்குத் தெரியும் சார்வாள். வாய்க்குச் சொல்லத் தெரியாது" என்றான் சூசை. இருபத்தைந்து வயதுப் பையன். வாய் ஓயாது. ஆனால் கயிறு கைக்கு வந்ததும் ஊமையாகிவிடுவான்.

முதல் முறை அந்தோணி நாலு சங்கோடு வந்தார். பெருமையாக வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு?" என்றார்.

"ஐம்பத்திரண்டு செகண்டு" என்றான் முருகேசன்.

"அஞ்சு நிமிசம்தானே?"

"இல்லைங்க. ஒரு நிமிஷமே ஆகல."

சூசைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆள் மேலே இருக்கிற நேரம், அதனால் வாய் திறந்தது. "அத்தான்! அஞ்சு நிமிசம்னு சொல்லித்தான எங்கக்காவக் கட்டுனீய? அம்பத்திரண்டு செகண்டுக்கு நாங்க பொண்ணு குடுத்திருக்க மாட்டோமே!"

துடுப்புக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புத்தகம் ஜெயித்துவிட்டது. அந்தோணி சிரிக்கவில்லை.

இரண்டாம் முறை ஐம்பத்தெட்டு. மூன்றாம் முறை அறுபத்தாறு. வந்ததும் வாங்கும் மூச்சின் சத்தம் மாறியிருந்தது. ராணி, "சார், நாடி ரொம்ப வேகமா ஓடுது" என்றாள். எழுதிக்கோ என்றேன்.

"அந்தக் கடியாரம் பொய் சொல்லுது" என்றார் அந்தோணி.

"சின்னப் பய தப்பா அமுக்குதானோ என்னமோ. இங்கன குடுங்க சார்வாள், நான் பாக்கேன்" என்று சூசை கையை நீட்டினான்.

மரியம்மை பீடிகூடக் கொடுக்கக் கூடாது என்றிருந்தார். நான் ஸ்டாப் வாட்சைக் கொடுத்தேன். எங்கே அமுக்க வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தேன். எல்லோரும் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை அல்லவா?

அந்தோணி நான் சொன்னபடியே வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டார். இருபது முறை இருக்கும். கல்லில் கால் வைத்தார். போனார்.

சூசையின் வலது கையில் கயிறு, இடது கையில் கடிகாரம். அவன் கண் முள்ளைவிட்டு நகரவில்லை. அப்படிப்பட்ட சாமானை அவன் கையில் வாங்கியதே இல்லை. "நாப்பது... அம்பது..." என்று அவன் உரக்கச் சொல்ல, துடுப்புக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அறுபது. எழுபது. "ஏலே, இன்னைக்கு அத்தான் விடமாட்டாவ!" என்று கத்தினான்.

"சார்" என்றாள் செல்வி. "கயிறு அசையல."

"பூஜ்யம்னு எழுதிக்கோ."

எண்பது. முருகேசன் கை தட்டினான். நானும் முள்ளைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், ரொம்ப நேரமா அசையல சார்."

"எழுதிக்கோன்னு சொன்னேன்ல!"

அவள் எழுதவில்லை. நோட்டை வள்ளத்துக்குள் வீசிவிட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பாரம் தாங்காமல் கயிறு அவள் உள்ளங்கையில் வழுக்கி ஓடியது. விடவில்லை. "இழுங்க! இழுங்க!" என்று அவள் அலறிய பிறகுதான் சூசை தலையை நிமிர்த்தினான். அவன் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடிகாரம் விளிம்பில் பட்டு எகிறிக் கடலில் விழுந்தது. ஓடிக்கொண்டேதான் போயிருக்கும்.

சூசை இழுத்தான். துடுப்புக்காரர்கள் இழுத்தார்கள். அந்தோணி மேலே வந்தபோது கைகால் தொங்கின. உதடு நீலம். மூக்கில் ரத்தமும் நுரையும். பலகையில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். சூசை அழுதுகொண்டே அமுக்கினான். "அத்தான், அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்? அத்தான், ஏந்திரிங்க அத்தான்."

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. பி.எஸ்ஸி. படித்தவன் மரம்போல நின்றேன்.

ராணி யாரையும் கேட்காமல் தவழ்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். பிறகு, "இருக்கு சார்" என்றாள். "மெதுவா இருக்கு. ஆனா இருக்கு."

அந்தோணி இருமினார். தண்ணீர் வந்தது. மூச்சு வந்தது. கண் திறக்கவில்லை.

கரைக்குத் திரும்பக் காற்று இல்லை. கரைக்காற்று செத்துவிட்டது, கடல்காற்று இன்னும் எழும்பவில்லை. பாய் துணிபோலத் தொங்கியது. துடுப்பு போட்டோம். முருகேசன் வாந்தி எடுத்துக்கொண்டே போட்டான். என் கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. கொஞ்சத்துக்கொருமுறை ராணியின் குரல் மட்டும் கேட்கும். "இருக்கு." மறுபடி, "இருக்கு." அவள் நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில் நான் மூச்சுவிடாமல் துடுப்பை வலித்தேன்.

சூசை துடுப்பைத் தொடவில்லை. அந்தோணியின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. அதன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தபடியே கரைவரை உட்கார்ந்திருந்தான்.

கரையில் மரியம்மை நின்றார். நேரத்துக்கு முன்னால் வள்ளம் வருகிறதென்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். கூப்பாடு போடவில்லை. புருஷன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்பியை நாலு அறை அறைந்தார். அவன் நகராமல் வாங்கிக்கொண்டான்.

என்னைப் பார்த்தார். "சார்வாள், ராத்திரி நான் சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னீய?"

"சரிம்மான்னு சொன்னேன்."

"அப்படித்தான் சொன்னீய" என்றார். அவ்வளவுதான். நாலு அறை எனக்கும் கொடுத்திருக்கலாம்.

மாட்டு வண்டி பிடித்து டாக்டரிடம் போனோம். வழியிலேயே அந்தோணி கண் திறந்துவிட்டார். நுரையீரலில் தண்ணீர் இருக்கிறது, ஒரு மாதம் கடலில் இறங்கக் கூடாது, பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். வேகமாக மூச்சிழுத்த கதையை நான் ஒப்புக்கொண்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படிச் செஞ்சா மூச்சு முட்டுறதே தெரியாதுவே. தெரியாமலே மயங்கிருவான். இதை யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"என்ன வேலை பாக்கீரு?"

"வாத்தியார்."

அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

சாயங்காலம் வீட்டில் பிள்ளைகள் அவர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அந்தோணி செல்வியின் கையைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, மரியம்மை எண்ணெய் போட்டுத் துணி சுற்றியிருந்தார். அந்தோணி அதை விரலால் தொட்டு, "எவ்வளவு வந்துச்சு பிள்ள?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. கடியாரம் கடல்ல போயிடுச்சு."

"அப்ப அஞ்சு நிமிசம்னே எழுது."

"அஞ்சு நிமிசமாம் அஞ்சு நிமிசம்!" என்று மரியம்மை அடுப்பிலிருந்து கத்தினார். பிறகு முதல்முறையாக அழுதார். அழுதுகொண்டே பிள்ளைகளுக்குத் தட்டு வைத்தார். சூசை வாசலிலேயே நின்றான். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

நான்காம் நாள் ரயில். ஜேம்ஸ் கொடுத்த மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. எதிர் சீட்டில் செல்வி மடியில் ரெக்கார்டு நோட்டை வைத்துக்கொண்டு, துணிக்கு வெளியே நீண்ட விரல் நுனியால் பென்சிலைப் பிடித்து எழுதிக்கொண்டு வந்தாள். நான் எழுதச் சொல்லவில்லை.

ஊர் வந்ததும் தலைமையாசிரியர் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். எங்கள் ரெக்கார்டில் எப்போதும் இருக்கிற தலைப்புகள்தான் இருந்தன. தேவையான பொருட்கள் என்ற இடத்தில், "கல் ஒன்று. கயிறு ஒன்று. மைத்துனர் ஒருவர், கையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது" என்று இருந்தது. கண்டறிந்தவை என்ற இடத்தில் நான்காவது வரி: "கயிறு அசையவில்லை. பூஜ்யம் என்று எழுதும்படி ஆசிரியர் சொன்னார். நான் எழுதவில்லை."

"வாத்தியாரைப் பத்தி இப்படி எழுதலாமா? இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"அவ பார்த்ததை எழுதியிருக்கா. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றேன்.

சிவப்பு மையில் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போய் அவருடைய சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினேன். அவர் மேசையிலிருந்து எடுத்துவந்த பீரோ சாவியைச் செல்வியிடம் கொடுத்தேன்.